ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்: கல், கலவை, எடை கணக்கிடுவதற்கான முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீடு கட்டுவோர் பலர் கொத்தனாருக்குக் கூலி மட்டும் பேசிக்கொண்டு, கல்லையும் சிமெண்டையும் எம்-சாண்டையும் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) தாங்களே வாங்கி இறக்குகிறார்கள். அப்படி வாங்குகிறவர்களுக்காகவும், கட்டட மேற்பார்வையைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் இளைஞர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கணக்கில் வருவது பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே. ஆனாலும் புதியவர்கள் தடுமாறுவதற்குக் காரணம், எதை முதலில் அளப்பது என்ற வரிசையைத் தவறவிடுவதுதான். சுவரை அளந்த பிறகு கல்லைத் தேடுகிறார்கள். கல்லை அளந்த பிறகுதான் சுவருக்குப் போக வேண்டும். எடைக் கணக்கைப் பெரும்பாலோர் போடுவதே இல்லை. மொட்டை மாடியில் சுவர் எழுப்பும்போது உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடிய விடுபடல் அது என்பதால், அதற்குக் கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு சுவரை இறுதிவரை எடுத்துக்கொள்கிறேன்: 20 அடி நீளம், 10 அடி உயரம், ஒரு கதவு, ஒரு சன்னல், சுவரின் முழு நீளத்துக்கும் ஓடும் லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் விட்டம்).

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அடியும் சென்டிமீட்டரும் உள்ள ஒரு டேப், பத்துக் கற்களை ஒன்றாக ஏற்றக்கூடிய தராசு, ஒரு வாளி, நேரான பக்கங்கள் கொண்ட கண்ணாடிப் புட்டி, வரைபடம், நோட்டுப் புத்தகம் ஆகியவை போதும். வரைபடத்தில் கதவு, சன்னல் அளவு சட்டத்தோடு சேர்த்துத் தரப்பட்டிருக்கிறதா, சட்டம் இல்லாமல் தரப்பட்டிருக்கிறதா என்பதை முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றை விட முக்கியமானது, வாங்கப்போகும் சூளையிலிருந்தே எடுத்த 20 கற்கள். அடுக்கின் மேல்வரியிலிருந்து மட்டும் எடுக்காமல், நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் கலந்து எடுக்க வேண்டும். வெந்த அளவைப் பொறுத்து ஒரே சூளையிலும் கல்லின் அளவும் எடையும் மாறும்.

2. கல்லை அளத்தல்

இந்தியத் தரநிலை 1077 குறிப்பிடும் கல்லின் அளவு 19 × 9 × 9 செ.மீ. நம் பகுதியில் கிடைக்கும் நாட்டுக் கல்லும் சேம்பர் கல்லும் பெரும்பாலும் அந்த அளவில் இருப்பதில்லை. “ஒன்பதுக்கு நாலரைக்கு மூன்று” என்பது வாயால் சொல்லும் அளவு. டேப்பை வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குறைந்திருக்கும். அந்தக் கொஞ்சம்தான் ஆயிரம் கல்லில் நூறு கல்லாக வந்து நிற்கிறது.

தனிக் கல்லை அளக்கக் கூடாது. 20 கற்களையும் சமதளத்தில் நீளவாக்கில் ஒன்றையொன்று தொடும்படி வரிசையாக வைத்து மொத்த நீளத்தை அளந்து 20ஆல் வகுக்க வேண்டும். அகலத்துக்கும் கனத்துக்கும் அப்படியே செய்ய வேண்டும். கோணலும் வீக்கமும் எல்லாக் கல்லிலும் கொஞ்சம் இருக்கும் என்பதால், சராசரிதான் கட்டும்போது உண்மையில் நமக்குக் கிடைக்கும் அளவு.

நம் எடுத்துக்காட்டில் 20 கற்களின் நீளம் 440 செ.மீ., அகலம் 210 செ.மீ., கனம் 140 செ.மீ. வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு கல் 22 × 10.5 × 7 செ.மீ. ஆகிறது.

இங்கேயே ஒரு சோதனையைச் செய்துவிடலாம். இரண்டு கல்லின் அகலமும் அவற்றுக்கு இடையில் ஒரு செ.மீ. சாந்தும் சேர்ந்தால் ஒரு கல்லின் நீளம் வர வேண்டும்: 10.5 + 10.5 + 1 = 22. சரியாக வருகிறது. வராத கல்லை வாங்கினால், நீளவாக்கில் வைக்கும் வரியும் குறுக்குவாக்கில் வைக்கும் வரியும் ஒரே முகத்தில் நிற்காமல் ஒரு பக்கம் முன்னும் பின்னுமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். பிறகு அந்த மேடுபள்ளத்தை நிரப்பப் பூச்சில் சிமெண்டைக் கொட்ட வேண்டியிருக்கும். கல்லின் விலையில் மிச்சப்படுத்தியதைப் பூச்சில் இழந்த வீடுகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அளந்த கையோடு பத்துக் கற்களை எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் 27 கிலோ, அதாவது ஒரு கல் 2.7 கிலோ. பிறகு ஐந்து கற்களை 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மறுபடி எடை போட வேண்டும். சாதாரணக் கல்லுக்குத் தரநிலை அனுமதிக்கும் உச்ச வரம்பு உலர்ந்த எடையில் 20 விழுக்காடு, 2.7 கிலோ கல் 540 கிராமுக்கு மேல் நீர் குடிக்கக் கூடாது. அதற்கு மேல் குடித்தால் சரியாக வேகாத கல். அந்த லோடையே மறுத்துவிடுவது நல்லது.

3. சுவரின் நிகரப் பரப்பு

20 × 10 = 200 சதுர அடி. இதிலிருந்து கல் வராத இடங்களைக் கழிக்க வேண்டும். கதவு 3.5 × 7 = 24.5; சன்னல் 4 × 4 = 16; அரை அடி உயர லிண்டல் 20 × 0.5 = 10. கழித்தால் 149.5 சதுர அடி கிடைக்கிறது.

புதியவர்கள் கதவையும் சன்னலையும் மறப்பதில்லை, லிண்டலைத்தான் மறக்கிறார்கள். கதவுக்கு மேல் மட்டும் லிண்டல் வந்தால் இருபுறமும் சுவருக்குள் அது ஏறி அமரும் நீளத்தையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். சுவர் முழுவதும் ஓடினால் மேலே செய்தபடி முழு நீளத்தையும் கழிக்க வேண்டும்.

முழு அறைக்குக் கணக்கிடும்போது மூலைகளில் கவனம் தேவை. உள் அளவு 10 × 12 அடி உள்ள ஓர் அறையின் நான்கு சுவர்களையும் வெளிப்புற நீளத்தில் அளந்து கூட்டினால் 49.76 அடி வரும்; ஆனால் அதில் நான்கு மூலைகளும் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கின்றன. சுவரின் நடுக்கோட்டை வைத்து அளந்தால் 46.88 அடிதான். 10 அடி உயரத்துக்கு இந்த வேறுபாடு ஏறக்குறைய 290 கல். எனவே அறைக்கு எப்போதும் நடுக்கோட்டு நீளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

4. கல்லின் எண்ணிக்கை

சுவரின் முகத்தில் ஒரு கல் பிடிக்கும் இடம், கல்லும் அதைச் சுற்றியுள்ள ஜாயிண்டும் (கற்களுக்கு இடையில் வரும் சாந்து) சேர்ந்தது. ஜாயிண்ட் 1 செ.மீ. என்றால் நீளம் 23, உயரம் 8. பெருக்கினால் 184 சதுர செ.மீ. ஒரு சதுர அடி என்பது 929 சதுர செ.மீ.; 184ஆல் வகுத்தால் 5.05. நாலரை அங்குலச் சுவருக்குச் சதுர அடிக்கு 5.05 கல்; ஒன்பது அங்குலச் சுவருக்கு அதன் இரட்டிப்பான 10.1 கல். குறுக்குவாக்கில் வைக்கும் வரிக்குத் தனிக் கணக்குத் தேவையில்லை. ஒரு நீளக் கல்லின் இடத்தில் இரண்டு தலைக் கற்கள் தெரியும், ஆனால் அவை சுவரின் முழுக் கனத்தையும் அடைத்துக்கொள்வதால் எண்ணிக்கை ஒன்றாகவே வரும்.

149.5 × 10.1 = 1,510 கல்.

கல்லை முதலில் அளக்கச் சொன்னதன் காரணம் இங்கே தெரியும். இதே சுவரை 21 × 10 × 6.5 செ.மீ. கல்லால் கட்டினால் 1,683 கல் தேவைப்படும். அரை செ.மீ., ஒரு செ.மீ. என்று கண்ணுக்குத் தெரியாமல் குறைந்த கல், 173 கல்லைக் கூடுதலாகக் கேட்கிறது. இரண்டு சூளைகளின் விலையை ஒப்பிடும்போது ஆயிரம் கல்லின் விலையை ஒப்பிடாமல், உங்கள் சுவருக்கு ஆகும் மொத்த விலையை ஒப்பிட வேண்டும்.

சேதாரத்துக்கு 5 விழுக்காடு சேர்த்தால் 1,586. வாங்குவதற்கு 1,600 என்று வைத்துக்கொள்ளலாம். அரைக்கல், முக்கால்கல் உடைக்கும்போது வரும் வீணும் இதில் அடங்கும். பென்னாகரம், தேன்கனிக்கோட்டை மலையோர ஊர்களுக்குப் பெரிய வண்டி வாசல்வரை வராமல் இடையில் இறக்கி, டிராக்டரில் மாற்றி ஏற்ற நேர்ந்தால் உடைசல் கூடும். அங்கே 8 விழுக்காடு வரை சேர்ப்பேன்.

ஓசூர்ப் பக்கம் பரவலாகப் பயன்படும் கான்கிரீட் பிளாக்குக்கும், சாம்பல் கல்லுக்கும் வழிமுறை இதேதான். அளவும் எடையும் மட்டும் மாறும். செங்கல்லின் எண்ணை அவற்றுக்குப் பயன்படுத்தக் கூடாது.

5. கட்டுக் கலவை: சிமெண்டும் எம்-சாண்டும்

சுவரின் கன அளவிலிருந்து கற்களின் கன அளவைக் கழித்தால் மிஞ்சுவது கலவை. 149.5 சதுர அடி என்பது 13.89 சதுர மீட்டர். சுவரின் உண்மையான கனம் 0.22 மீட்டர், கன அளவு 3.056 கன மீட்டர். 1,510 கற்களின் கன அளவு 2.442 கன மீட்டர். மீதி 0.614. கல்லின் மேலுள்ள குழி ஒவ்வொன்றும் சுமார் 40 கன செ.மீ. சாந்து வாங்கும் என்பதால் 0.06 சேர்த்து 0.674 கன மீட்டர் என்று கொள்ள வேண்டும். குழி எப்போதும் மேல்நோக்கியே இருக்க வேண்டும். கீழ்நோக்கி வைத்தால் சாந்து அதில் ஏறாமல் சுவருக்குள் வெற்றிடம் தங்கிவிடும்.

கீழே சிந்துவதற்கும் ஏற்றத்தாழ்வுக்கும் 10 விழுக்காடு சேர்த்தால் 0.742. இது நனைந்த கலவை. உலர்ந்த சிமெண்டும் மணலும் நீர் பட்டுப் பிசைந்ததும் சுருங்கிவிடும் என்பதால், உலர்ந்த அளவைப் பெற 1.33ஆல் பெருக்க வேண்டும்: ஏறக்குறைய 0.99 கன மீட்டர், அதாவது 35 கன அடி. இந்தப் பெருக்கலை விடுகிறவர்களுக்குத்தான் சுவர் முக்கால் பங்கு ஏறியதும் சிமெண்ட் தீர்ந்துபோகிறது.

ஒன்பது அங்குலச் சுவருக்கு 1:6 கலவை போதும். ஏழில் ஒரு பங்கு சிமெண்ட்: 5 கன அடி. 50 கிலோ மூட்டை ஒன்று 1.25 கன அடி பிடிக்கும் என்பதால் 4 மூட்டை. எம்-சாண்ட் 30 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட் என்பதால் யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நாலரை அங்குலச் சுவருக்கு 1:4 கலவையைப் பயன்படுத்துங்கள். மெல்லிய சுவருக்குப் பிடிப்புக் கூடுதலாகத் தேவை.

இந்த 30 கன அடி உலர்ந்த மணலுக்கு உரியது. ஈர மணல் உப்பியிருக்கும். கண்ணாடிப் புட்டியில் ஈர மணலை அழுத்தாமல் 20 செ.மீ. உயரத்துக்கு நிரப்பி, நீர் ஊற்றிக் கலக்கித் தெளியவிடுங்கள். மணல் 16 செ.மீ. உயரத்துக்கு இறங்கினால் அது 25 விழுக்காடு உப்பியிருந்தது என்று பொருள். அப்போது வண்டியில் 30 கன அடிக்கு 37.5 கன அடி வாங்க வேண்டும். கலக்கும்போதும் ஆறு பெட்டிக்குப் பதில் ஏழரைப் பெட்டி போட வேண்டும். மழைக்கு மறுநாள் இறங்கும் லோடில் இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டால், நீங்கள் 1:6 என்று நினைத்துக்கொண்டிருக்கும் கலவையில் சிமெண்ட் கூடிச் செலவு ஏறும். வாங்கிய மணலும் முன்னதாகவே தீரும்.

கலவையைச் சட்டிக் கணக்கில் போடவிடாதீர்கள். ஒருவர் கூம்பாக நிரப்புவார், இன்னொருவர் தலை தட்டி நிரப்புவார். ஒரு மூட்டை சிமெண்ட் சரியாகப் பிடிக்கும் 1.25 கன அடி மரப் பெட்டி ஒன்றைத் தச்சரிடம் செய்துகொண்டால், முழு வீட்டுக்கும் அதுவே அளவாக நிற்கும்.

ஜாயிண்ட் 1 செ.மீ.யிலிருந்து 1.5 ஆனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட வேண்டும். கல் 1,391 ஆகக் குறையும். சிமெண்ட் 5 மூட்டையைத் தாண்டும். ஏறக்குறைய 120 கல் மிச்சமாவதைப் பார்த்து மகிழ வேண்டாம். தடித்த ஜாயிண்ட் கூடுதலாகச் சுருங்குவதோடு சுவரின் வலுவையும் குறைக்கும்.

6. பூச்சு

பூச வேண்டிய பரப்பில் லிண்டலின் முகமும் சேரும்: 159.5 சதுர அடி. உட்புறம் 12 மி.மீ., வெளிப்புறம் 18 மி.மீ. என்று கொண்டு, ஜாயிண்டுகளை நிரப்ப 20 விழுக்காடு சேர்த்து, 1:5 கலவைக்குக் கணக்கிட்டால் மூன்றரை மூட்டை சிமெண்டும் 21 கன அடி பி-சாண்டும் (பூச்சுக்கான நைசான எம்-சாண்ட்) வரும். பூச்சுக்கான சிமெண்டைக் கட்டு வேலையோடு சேர்த்து வாங்காதீர்கள். மாதக்கணக்கில் கிடந்தால் காற்றின் ஈரத்திலேயே அதன் வலு குறையும்.

7. சுவரின் எடை

இப்போது கையில் எல்லா எண்களும் இருக்கின்றன. கல் 1,510 × 2.7 = 4,077 கிலோ. கலவை 0.674 கன மீட்டர். கன மீட்டருக்கு 2,080 கிலோ என்றால் 1,402 கிலோ. இங்கே சிந்தியதைச் சேர்க்கக் கூடாது, அது சுவரில் இல்லை. இரு பக்கப் பூச்சு 925 கிலோ. லிண்டல் 0.204 கன மீட்டர், கம்பியோடு கன மீட்டருக்கு 2,500 கிலோ வீதம் 511 கிலோ. மொத்தம் 6,915 கிலோ. ஏறக்குறைய 7 டன். நீளத்தில் ஓர் அடிக்கு 346 கிலோ.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. கட்டிய செங்கல் சுவர், பூச்சு நீங்கலாக, கன மீட்டருக்கு 1,900 முதல் 2,000 கிலோ என்று பொறியாளர்கள் வழக்கமாகக் கொள்வார்கள். நம் கணக்கில் 1,793 வருகிறது. எடை குறைந்த கல் என்பதால் இது இயல்பே. ஆனால் கல் நீர் குடித்தால் எடை ஏறும் என்பதால், அடித்தளத்துக்கோ பீமுக்கோ கணக்கிடும்போது 2,000 கிலோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,500க்குக் கீழோ 2,200க்கு மேலோ வந்தால் எங்கோ பெருக்கல் தவறியிருக்கிறது.

அடிக்கு 346 கிலோ என்பது சராசரி. கதவுக்கு மேலுள்ள சுவரின் எடையை லிண்டல் வாங்கி இருபுறத் துண்டுகளின் மேல் இறக்குகிறது. கதவு ஓரத்தில் சுமை கூடும். கதவுக்கும் மூலைக்கும் நடுவில் ஒரு முழம் சுவரை மட்டும் விட்டு வைக்கும் வரைபடத்தை ஏற்காமலிருப்பது இதனால்தான்.

8. மாடியில் சுவர் எழுப்புவதற்கு முன்

நாலரை அங்குலத் தடுப்புச் சுவரைப் “பாதிச் சுவர்தானே” என்று எளிதாக எண்ணிவிடுகிறார்கள். 10.5 செ.மீ. சுவர் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. இரு பக்கமும் 12 மி.மீ. பூசினால் இன்னும் 50 கிலோ. 10 அடி உயரத்துக்கு எழுப்பினால் ஒரு மீட்டர் நீளத்தில் சுமார் 760 கிலோ நிற்கிறது.

இந்தியத் தரநிலை 875, வீட்டு அறையின் தரைக்கு ஆட்கள், சாமான்கள் எல்லாவற்றுக்குமாகச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ சுமையைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. நாம் எழுப்பும் சுவரின் ஒவ்வொரு மீட்டரும், ஏறக்குறைய நான்கு சதுர மீட்டர்த் தரைக்கு உரிய அந்த முழுச் சுமையையும் ஒரே கோட்டில் வைக்கிறது. அது நிரந்தரமாக அங்கேயே நிற்கும்.

ஆகவே மேல்சுவர், கீழ்ச்சுவரின் மேலோ பீமின் மேலோ வர வேண்டும். அப்படி வராத இடத்தில் சுவர் வேண்டுமென்றால், கட்டமைப்புப் பொறியாளரிடம் இந்த எண்களைக் கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்காமல் முதல் கல்லை வைக்காதீர்கள்.

கல்லை மாடியில் அடுக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. என் மேற்பார்வையில் நடந்த ஒரு வேலையில், நான் இல்லாத நாளில், சென்டரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகையும் முட்டும்) பிரித்துச் சில நாளே ஆன கூரையின் நடுவில் 500 கல்லை ஒரே அடுக்காக ஏற்றிவிட்டார்கள். ஒரு சதுர மீட்டரில் 1,350 கிலோ! மறுநாள் காலையில் கூரையின் அடியில் மயிரிழை விரிசலைப் பார்த்தபோது, முன்கூட்டியே சொல்லி வைக்காதது என் தவறு என்பதை உணர்ந்தேன். அன்றிலிருந்து, மாடியில் கல்லைக் கீழ்ச்சுவரின் மேலாக மட்டும், மூன்று வரிக்கு மிகாமல், நீளமாகப் பரப்பி வைக்கச் சொல்கிறேன். நனைப்பதையும் கீழேயே, ஏற்றுவதற்குச் சற்று முன்பு முடித்துவிட வேண்டும்.

9. வரவழைக்கும் வரிசை

1,600 கல்லின் எடை 4,320 கிலோ; வண்டி பேசும்போது இந்த எண்ணைச் சொல்லுங்கள். முதலில் எம்-சாண்ட், அடுத்து கல், கடைசியாகச் சிமெண்ட் என்ற வரிசையில் வரவழைப்பது வசதி. சிமெண்ட் மட்டும் காத்திருக்கக் கூடாது. கல் இறங்கும்போதே 200 கல் கொண்ட அடுக்குகளாக வைக்கச் சொன்னால் எண்ணிப் பார்ப்பது எளிது. குவியலாகக் கொட்டிய கல்லை யாராலும் எண்ண முடியாது.

10. முதல் நாளிலேயே கணக்கைச் சோதித்தல்

ஒரே நாளில் ஒரு மீட்டருக்கு மேல் சுவரை ஏற்றக் கூடாது. அடியிலுள்ள ஈரச் சாந்து பிதுங்கும். முதல் நாள் 3 அடி உயரம் ஏறியதாக வைத்துக்கொண்டால், கதவு இடம் நீங்கலாக 16.5 × 3 = 49.5 சதுர அடி. 500 கல்லும், ஒன்றேகால் முதல் ஒன்றரை மூட்டை வரை சிமெண்டும் செலவாகியிருக்க வேண்டும்.

மாலையில் கொத்தனாரை அருகில் வைத்துக்கொண்டு, பத்து வரியின் உயரத்தை டேப்பில் அளந்து பாருங்கள். 80 செ.மீ. இருந்தால் நீங்கள் போட்ட கணக்கில்தான் சுவர் ஏறிக்கொண்டிருக்கிறது. 85 இருந்தால் ஜாயிண்ட் ஒன்றரை செ.மீ. ஆகிவிட்டது, மறுநாள் காலை முதல் வரிக்கு நூல் கட்டும்போதே, ஒவ்வொரு 8 செ.மீ.க்கும் கோடு போட்ட ஒரு நேரான ரீப்பரை (மெல்லிய மரச் சட்டம்) இரு மூலைகளிலும் நிறுத்தி, அந்தக் கோட்டுக்கே நூலைக் கட்டச் சொல்லுங்கள்.